வாசகர் கேள்வி: உப்பைப் பற்றிக் கடற்கரையில் எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் மகளிர் குழு, கடற்பாசி எடுக்கும் பெண்களுக்காகவும் கடலுக்குச் செல்லும் ஆண்களுக்காகவும் உயர் இரத்த அழுத்தம் குறித்து ஒரு துண்டறிக்கை அச்சிட்டது. அதன் பிரதியை இணைத்துள்ளேன். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. படிப்பறிவுக் குறைவுதான் காரணமா?
– வாசகி, மண்டபம்

பதில்: அதை நான் காரணமாக ஏற்கமாட்டேன், சகோதரி. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர்களுக்கும், மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் தண்ணீருக்கடியில் இனம் பிரித்து எடுப்பவர்களுக்கும் ஒரு நோயைப் புரிந்துகொள்வது கடினமன்று. உங்கள் அறிக்கையின் முதல் வரியே ‘கருவாட்டைத் தவிர்க்கவும்’ என்கிறது. கருவாடு காயவைத்துப் பிழைக்கும் வீட்டில் அடுத்த வரியை யார் படிப்பார்கள்?

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைக் கிராமில் எழுதாமல், பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டில் காலையிலேயே தலைதட்டிய நான்கு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பைக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் அதில் பாதியைத் திரும்ப ஜாடியில் கொட்டிக் காட்டுங்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் உப்பு இறங்கும்; இது உங்கள் மாமியார்களுக்குத் தெரிந்த முறைதான். அவர்கள் வாயிலாகவே அதைச் சொல்லவையுங்கள்.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தங்கள் நிர்வாகத்திலேயே ஒரு மருத்துவ சேவையைத் தொடங்கினார்கள். தம் உடல்நலத்துக்கு எது தேவை என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. உங்கள் அறிக்கையிலோ பாசி எடுக்கும் பெண்கள் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. அவர்கள் ‘பிரஷர்’ என்கிறார்கள். நீங்களோ ‘உயர் இரத்த அழுத்தம்’ என்று எழுதுகிறீர்கள். ‘தலை சுற்றவில்லை, அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. உப்பைவிடவும் முதன்மையாகச் சொல்ல வேண்டிய செய்தி இதுவே என்று நான் கருதுகிறேன்.

ஐந்தாறு பேரை உட்காரவைத்து, முதலில் அவர்கள் நம்புவதைக் கேளுங்கள். பிறகு செய்தியைச் சொல்லிவிட்டு, ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், ‘இதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் பிழை நம் சொல்லில்தான் இருக்கிறது.

காலமும் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் செல்லும் ஆண்கள் கரையில் இருப்பார்கள். பெண்களுக்கோ, பாசிக்குப் போகாத நாளைக் கேட்டறிந்து கூட்டம் வையுங்கள். பாம்பன் பகுதியில் மீனவர்களுக்கென்றே ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 பண்பலையில், மருந்தை விடாமல் சாப்பிடும் ஒரு பெண்ணைப் பேசவைக்க இயலுமா என்றும் விசாரியுங்கள்.

புதிய வரைவை அச்சகத்துக்குக் கொடுக்கும் முன், பழையதை வாங்க மறுத்தவர்களிடமே முதலில் வாசித்துக் காட்டுங்கள்.