திரையோரத்தில் வெளிச்சம் கசியும் லேப்டாப்: வாங்கலாமா?
வாங்குங்க. மாற்றித் தருவோம் என்று பில்லிலேயே எழுதித் தருகிற கடையில் மட்டும். ரிவ்யூவில் நாலு பேர் 'ஓரத்தில் வெளிச்சம் கசியுது' என்றதற்காக நல்ல மாடலை விட வேண்டாம்.

ஐபிஎஸ் (எல்சிடி திரையில் ஒரு வகை) திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கருப்பிலும் முழுதாக மறையாது. திரையைச் சுற்றியுள்ள ஃப்ரேம் இறுக்கும் மூலையில் கூடுதலாகக் கசியும். அதனால்தான் பீஸுக்குப் பீஸ் மாறுகிறது.

வந்த அன்றே ராத்திரி, ரூம் லைட்டை அணைத்துவிட்டு முழுக் கருப்புப் படம் ஒன்றைத் திரை நிறைய வையுங்கள். பிரைட்னஸ் பாதி போதும். தலையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஓரத்தில் தெரியும் வெளிச்சமும் கூடவே நகர்ந்தால் அது ஐபிஎஸ் சுபாவம், மாற்றினாலும் அதேதான் வரும். ஒரே இடத்தில் நின்றால் கசிவு, திருப்பிக் கொடுங்கள். (மொபைலில் படமெடுத்துப் பயந்துவிடாதீர்கள், கேமரா ஊதிப் பெருக்கிக் காட்டும்.)

இருட்டில் சினிமா பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ஓஎல்இடி பாருங்கள். அதில் பின்விளக்கே கிடையாது.