சமன்பாடு சரியாக வருகிறது, வேதியியல் ஏன் புரியவில்லை?

தாராவியில் 11-ஆம் வகுப்பு படிக்கும் உங்கள் தம்பிக்கு வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்வது தண்ணி பட்ட பாடு, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் முழிக்கிறான் என்கிறீர்கள். அவனுக்குத் தெரிந்தது எண்கணக்கு மட்டும்.

கண்ணுக்குத் தெரிவது, துகள், குறியீடு என மூன்று தளங்களையும் ஒரே மூச்சில் திணிப்பதுதான் சிக்கல் என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக வேதியியல் கல்வி ஆய்வாளர் அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1991-இல் எழுதினார்.

அம்மோனியா உருவாகும் வினையை (N₂ + 3H₂ → 2NH₃) அணுவுக்கு ஒரு வட்டமாக வரையச் சொல்லுங்கள். 3 ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்கு 6 வட்டங்களை ஒரே சங்கிலியாக ஒட்டினால், 3H₂-இல் முன்னால் வரும் எண்ணும் (3) கீழே வரும் எண்ணும் (2) அவனுக்கு ஒன்றுதான். இரு நிறப் பொத்தான்களை ஜோடியாக வையுங்கள்: நைட்ரஜன் 4 ஜோடி, ஹைட்ரஜன் 6 ஜோடி. 4 அம்மோனியா கிடைக்கும், 2 நைட்ரஜன் ஜோடி மிஞ்சும். மிஞ்சியதை மாணவர்கள் வரையாமல் விடுவார்கள், அதைக் கவனியுங்கள். சமன்பாடு அதற்குப் பிறகுதான். கோச்சிங்கில் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது, வீட்டிலேயே செய்துவிடுங்கள்.