ஃபீனிக்ஸா, டூசானா, ஆல்புகர்க்கியா?

வணக்கம். சிகாகோ குளிர் போதும், கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை, உங்களுக்கு நர்ஸ் வேலை, மாலையில் இருவரும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அரிசோனாவின் ஃபீனிக்ஸ், டூசான், நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி, இந்த மூன்றில் எங்கே குடியேறலாம் என்று கேட்டீர்கள்; என் ஓட்டு ஆல்புகர்க்கிக்கு.

வேலையை மட்டும் பார்த்தால் ஃபீனிக்ஸ்தான்; மருத்துவமனைகள் ஏராளம். ஆனால் 2023 கோடையில் அங்கே தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. ராத்திரியிலும் சுவர்ச் சூடு ஆறாது. அங்கே கோடை முழுக்க மாலை நடையை மறந்துவிட வேண்டியதுதான். டூசான் அதைவிடக் கொஞ்சம் உயரம், அதனால் சூடு கொஞ்சம் தேவலை.

ஆல்புகர்க்கி 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலையில்கூடப் பொழுது சாய்ந்ததும் காற்று குளிர்ந்துவிடும். ரியோ கிராண்டே ஆற்றோர மரநிழலில் மைல் கணக்கில் நடக்கலாம். பனி விழும், சிகாகோ போல மாதக்கணக்கில் கிடக்காது. கார் திருட்டு அதிகம் என்பது உண்மை, அதனால் பூட்டக்கூடிய கராஜ் உள்ள வீடாகப் பாருங்கள்.

அப்புறம், ஆல்புகர்க்கியில் அக்டோபரில் நடக்கும் பலூன் திருவிழா சமயத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், எந்த ஊரும் அப்போது அழகுதான். வெயில் உச்சத்தில் இருக்கும் ஜூன் கடைசியில் ஒரு வாரம், இருவரும் சேர்ந்தே போய்த் தங்குங்கள்.