முதல் கைட், முதல் போர்டு: ராமேஸ்வரம் கரையிலிருந்து சில பதில்கள்

கைட் சர்ஃபிங், அதாவது பெரிய பட்டத்தின் இழுவையில் பலகைமேல் நின்று கடலில் ஓட்டுவதைப் பழகிவிட்டு, அடுத்து சொந்தமாகச் சாமான் வாங்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் கொஞ்சம் சேர்ந்துவிட்டன. இன்று காற்றில்லை, கைட் எல்லாம் மடித்துக் கிடக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: எடை 72 கிலோ. முதல் கைட் 9 மீட்டரா, 12 மீட்டரா?

எந்த மாதம் வருவீர்கள் என்று சொல்லவில்லையே! கைட்டின் அளவை எடை பாதி, காற்று பாதி தீர்மானிக்கிறது. உங்கள் எடைக்கு 12 சதுர மீட்டர் கைட் சுமார் 14 முதல் 20 நாட் (காற்றுவேகக் கணக்கு) வரை தாங்கும், 9 மீட்டர் சுமார் 18 முதல் 26 வரை. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது வருகிறவர் என்றால் 9 வாங்குங்கள். வாடைக் காலத்தில், டிசம்பர், ஜனவரி விடுமுறையில்தான் வரமுடியும் என்றால் 12. "ஒரு 12 இருந்தால் எல்லாக் காற்றுக்கும் போதும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், கச்சானில் அந்த 12 உங்களைக் கரையில் இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் ஒன்று, போனில் காற்று எந்த அளவில் காட்டுகிறது என்று பாருங்கள். போன வருஷம் ஒருவர் 20 என்று பார்த்துவிட்டு 9 மீட்டர் கைட்டுக்கு வேர்க்க வேர்க்கக் காற்றடித்தார். அது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு, நாட் கணக்கில் 11 கூட வராது. கைட் தண்ணீரை விட்டு எழவே இல்லை.

அவரே: போர்டு சின்னதாக வாங்கினால் திருப்ப எளிது என்கிறார்களே?

நன்றாக ஓட்டுகிறவருக்கு எளிது. உங்களுக்கு 140க்கு 42 சென்டிமீட்டர், இரண்டு பக்கமும் ஓடுகிற ட்வின் டிப், அவ்வளவுதான். பரப்பு பெரிதாக இருந்தால் காற்று குறைந்தாலும் மிதந்து எழும்பும், காற்றை எதிர்த்து ஏறவும் சீக்கிரம் வரும். ஏற வராதவர் போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையோரமாகத் திரும்பி நடக்க வேண்டும், நம் கரையில் அது சேறும் கருவேல முள்ளும்.

கோவையிலிருந்து: குல்மார்க்கில் ஸ்னோபோர்டு ஓட்டியிருக்கிறேன். கால் இறுக்கமாகப் பூட்டினால்தான் எனக்குப் பிடி கிடைக்கும். பூட்ஸ் வைத்த போர்டு வாங்கலாமா?

உங்களைப் போன்றவர்கள் விளிம்பில் நின்று ஓட்டுவதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், பார்த்திருக்கிறேன். ஆனால் பூட்ஸ் வேண்டாம். பனியில் விழுந்தால் காலோடு பலகை இருப்பது நல்லது. இங்கே விழுந்தால் கால் உடனே கழன்று வர வேண்டும், இல்லையென்றால் கைட் ஒரு பக்கம் இழுக்க, பலகை தண்ணீரில் மாட்டி முட்டி திருகிக்கொள்ளும். செருப்பு மாதிரி கால் நுழைக்கிற ஸ்ட்ராப் போதும். ஸ்னோபோர்டு ஹெல்மெட்டையும் வீட்டிலேயே வையுங்கள், உள்ளே இருக்கும் பஞ்சு உப்புத்தண்ணீரைக் குடித்துக் கனக்கும்.

சென்னையிலிருந்து: புதுசு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பழைய கைட் வாங்கினால் எதைப் பார்ப்பது?

பழையது வாங்குவதில் தப்பில்லை, நான் வாங்கிய முதல் மூன்றும் பழையவைதான். துணியை விரலால் கசக்கிப் பாருங்கள். கஞ்சி போட்ட புது வேட்டி மாதிரி மொடமொடவென்று சத்தம் வர வேண்டும். பத்துத் தடவை துவைத்த வேட்டி மாதிரி துவண்டால் வெயில் அதைத் தின்றுவிட்டது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

முன்விளிம்புக் குழாயில் இறுக்கிக் காற்றடித்து மூன்று, நான்கு மணி நேரம் விட்டுவிடுங்கள். விற்கிறவர் "அவசரமாகக் கிளம்பணும்" என்றால் நீங்களும் கிளம்பிவிடலாம். குழாயில் ஓட்டை என்றால் ஒட்டலாம், வால்வைச் சுற்றிப் பசை விட்டிருந்தால் அது நச்சுப்பிடித்த வேலை. இதில் என் கதை ஒன்று உண்டு: ஊருக்குத் திரும்புகிற ஒரு வெளிநாட்டுக்காரரிடம் நல்ல 12 மீட்டர் கைட் ஒன்றை ஜனவரியில் வாங்கினேன். தகரக் கூரை அறையில் போட்டு வைத்தேன், ஏப்ரல் வெக்கையில் எல்லா வால்வும் பசை இளகி வந்துவிட்டன. குற்றம் கைட்டுடையது இல்லை.

நான்கு கயிற்றின் நுனியையும் ஒரே ஆணியில் மாட்டி, பாரை, அதாவது கைட்டைத் திருப்பக் கையில் பிடிக்கிற கட்டையை, இழுத்துப் பிடியுங்கள். பார் கோணலாக நின்றால் கயிறு நீண்டிருக்கிறது. கடைசியாக, கைட்டை விட்டுவிடுகிற அந்த அவசரப் பிடி. நீங்கள் ஹார்னஸில் (இடுப்பில் கட்டுகிற பட்டை) மாட்டிக்கொண்டு நண்பரை பலமாக இழுக்கச் சொல்லிவிட்டு அதைத் தள்ளிப் பாருங்கள். உப்பும் மணலும் இறுகி நகராவிட்டால் கைட்டை எடுத்துக்கொண்டு பாரை மட்டும் புதிதாக வாங்குங்கள். 2005க்கு முந்தைய கைட் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பாரைத் தள்ளினால் இழுவை சட்டென்று குறைகிற அமைப்பு அதற்குப் பிறகுதான் பரவலானது.

ஒரு அம்மா: பையனுக்கு 15 வயது, நன்றாக நீந்துவான். ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அவசியமா?

அவசியம் அக்கா. கைட்டோடு போடுகிற ஜாக்கெட் அடி தாங்கத்தான், லைஃப் ஜாக்கெட் அளவுக்கு மிதக்க வைக்காது, நீச்சல் தெரிந்தே இருக்க வேண்டும். மெல்லிய ரப்பர் காலணி ஒன்றும் வாங்கிக் கொடுங்கள், சிப்பியும் திருக்கை முள்ளும் நீச்சல் தெரிந்தவன் என்று பார்ப்பதில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்த்தேன், தண்ணீருக்கு மேலே பறக்கிற ஃபாயில் போர்டு...

அந்தப் போர்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டே ஒரு மீட்டருக்குப் பக்கம். நாம் பழகுகிற இடத்தில் தண்ணீர் இடுப்பளவு. இப்போதைக்கு வேண்டாம்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, நான் சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிறவன். வகுப்புக்குக் கட்டுகிற காசில் கைட்டே வாங்கிவிடலாமே, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள மாட்டேனா?

காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கச்சான் அடிக்கும்போது வடக்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், உன் வல்லத்தில் என்ஜின் இருக்கிறது, திரும்பிவிடுவாய். கைட் நடுக்கடலில் விழுந்து எழாவிட்டால் எதை வைத்துத் திரும்புவாய்? இலங்கை எல்லைக்கோடும் தூரத்தில் இல்லை. கயிற்றைப் பாரில் சுற்றி, கைட்டையே தெப்பமாக்கி ஏறிக்கொண்டு கரை சேர்வதை ஆள் பக்கத்தில் நின்று பழக்க வேண்டும், வீடியோவில் வராது.

காசு கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் ஹார்னஸ் மட்டும் சொந்தமாக வாங்கு, அடுத்தவர் இடுப்புக்குத் தைத்தது உன் விலாவுக்கு ஏறிவிடும். மற்றதெல்லாம் என்னுடையது இருக்கிறது. காற்று வந்ததும் தெற்குக் கரைக்கு வா, மூன்று மணிக்கு மேல் அங்கேதான் இருப்பேன்.