படங்குக்குக் கீழே நிற்கிற வண்டிக்கும் லைசன் உண்டா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வண்டி பற்றியவை, அதுவும் ஓடாத வண்டி பற்றியவை. நாலைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். லைசன் என்று இங்கே சொல்வது வண்டிக்கு வருடா வருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தை, ஓட்டுபவரின் லைசனை அல்ல.

கேள்வி: அப்பா ஓட்டிய ஆட்டோ நாலு வருடமாக லயத்துக்குப் பின்னால் படங்கு போட்டு மூடிக் கிடக்கிறது. 2021 க்குப் பிறகு லைசன் எடுக்கவில்லை. அப்பா போன வருடம் தவறிவிட்டார். ஓடாத வண்டிக்கு என்ன வரி என்று நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது ஒருவர் உதிரிப்பாகத்துக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா? (வாசகி, நோர்வூட்)

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். பதிவு வேறு, லைசன் வேறு. பதிவுப் புத்தகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விஷயம். ஒருமுறை பதிந்தால் யாராவது போய் இரத்துச் செய்யும்வரை அப்படியே கிடக்கும், வண்டி துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகப் போனாலும் புத்தகத்தில் அப்பா பெயர் இருந்துகொண்டே இருக்கும். வருடா வருடம் எடுக்கிற வருமான அனுமதிப்பத்திரம் மாகாண சபையின் விஷயம், அதைத்தான் பிரதேச செயலகத்தில் வாங்குகிறோம்.

நீங்கள் நினைத்த மாதிரி, ரோட்டில் ஓட்டினால்தான் லைசன் என்று 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. வண்டியை வைத்திருப்பதையும் சேர்த்தேதான் பேசுகிறது. ஆகவே, சும்மா நின்றாலும் அடுத்த முறை லைசன் எடுக்கப் போகும்போது விட்ட வருடங்களின் நிலுவையையும் தாமதக் கட்டணத்தையும் கேட்பார்கள். இதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது: வண்டியைப் பாவிக்கப்போவதில்லை என்று லைசன் முடிவதற்கு முன்பே பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அப்பா அப்படி ஏதாவது கொடுத்தாரா என்று அவருடைய கடதாசிகளில் முதலில் தேடிப் பாருங்கள்.

இந்த அறிவிப்பில் நானே ஒருமுறை சூடுபட்டேன். ஓடாத என் ஸ்கூட்டருக்குக் கடிதம் எழுதி ஒரு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பெரிய வேலை முடிந்த மாதிரி ரோல் ஒன்று சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்துப் போனால் கோவையில் அந்தக் கடிதம் இல்லை. இலிகிதர் அம்மா நல்லவர், இரண்டு அலுமாரியைத் திறந்து தேடினார். ஆனால் என் கையில் பிரதி இல்லை, திகதி முத்திரை இல்லை, நான் என்ன சொல்லி வாதாட? கட்டிவிட்டுத்தான் வந்தேன். அன்றிலிருந்து எந்தக் கடிதத்தையும் இரண்டாக எழுதி, ஒன்றில் முத்திரை குத்தி வாங்காமல் கதவைத் தாண்டுவதில்லை. எவ்வளவு காலத்துக்கு அந்த அறிவிப்புச் செல்லும், மறுபடி எப்போது கொடுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டு அந்தப் பிரதியின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2022 இல் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்க வண்டி இலக்கத்துக்கு கியூ.ஆர். குறியீடு வந்தபோது ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் என்று ஆரம்பித்தார்கள், ஞாபகம் இருக்கும். மூலையில் நின்ற வண்டிகளின் இலக்கத்தைப் பதிந்து எண்ணெய் அடித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! யாரையும் குறை சொல்லவில்லை, அந்த நேரம் அப்படி. ஆனால் உங்கள் வீட்டிலும் அது நடந்திருந்தால், அதே வருடத்தில் வண்டி ஓடவே இல்லை என்று சத்தியக்கடதாசி முடிக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அப்பாவின் மரணச் சான்றிதழ், பதிவுப் புத்தகம், அம்மா உட்பட வாரிசுகளின் சம்மதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிராம சேவகரிடம் போய்ப் பேசுங்கள். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டி முடித்தும் பெயரை எடுக்காமல் விட்டவர்கள் நிறைய, அவர்கள் விடுவிக்காமல் எதுவும் நகராது. வண்டி இனி ஓடாது என்றால் பதிவை இரத்துச் செய்ய விண்ணப்பித்து, புத்தகத்தையும் இலக்கத் தகடுகளையும் ஒப்படையுங்கள். அப்புறம் இரும்பை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். இதைச் செய்யாமல் கொடுத்தால் அந்தத் தகடும் சேசி இலக்கமும் வேறொரு வண்டியில் ஏறி, நீங்கள் பார்த்தேயிராத ஊரில் ஓடலாம். பொலிஸ் வருவது உங்கள் லயத்துக்கு.

கேள்வி: 2019 இல் வேனை ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் போடாத படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, விற்றேன். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. வேன் இப்போது வெலிமடைப் பக்கம் ஒரு கராஜில் கிடக்கிறதாம். லைசன் நிலுவை யாருடையது? (வாசகர், தலவாக்கலை)

பதில்: நியாயப்படி அவருடையது. ஆனால் புத்தகத்தில் இருப்பது நீங்கள், அதனால் தேடி வருவது உங்களைத்தான். வாங்கியவர் மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டதுதான் பிழை. கைமாறினால் 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்கும் கடமை விற்றவருக்கும் உண்டு. விலையில் இருபதாயிரம் குறைத்தாவது பெயர் மாற்றித்தான் விற்க வேண்டும் என்பது என் கட்சி. சரி, நடந்தது நடந்தது. விற்ற திகதி, வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கம், வேன் நிற்கும் இடம் எல்லாம் போட்டு இன்றைக்கே திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். எழுதிவிட்டு வாங்கியவரையும் போய்ப் பாருங்கள், தூரம் ஒன்றும் இல்லையே.

கேள்வி: மூன்று வருடம் நின்ற லொறியை மறுபடி இறக்கப்போகிறேன். லைசனுக்குப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள், புகை பார்க்கக் கொண்டுபோக லைசன் இல்லை. என்ன செய்வது? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: இழுத்துக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள் அண்ணே, ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். காப்புறுதியும் இல்லாமல் அந்த வளைவுகளில் யாரையாவது தட்டினால் நிலுவையெல்லாம் சில்லறைக் காசாகிவிடும். வரிசை இதுதான்: எஞ்சினை உயிர்ப்பியுங்கள், குறைந்தது மூன்றாந்தரப்புக் காப்புறுதி எடுங்கள், புகை பாருங்கள். லொறி என்பதால், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற தகுதிச் சான்றிதழும் வேண்டும். டீசல் நீண்ட நாள் நின்றிருந்தால் டாங்கியைக் கழுவி, பில்டரை மாற்றிவிட்டுப் புகை பார்க்கப் போங்கள். இல்லையென்றால் கரும்புகைக்கே பெயிலாக்கிவிடுவார்கள்.

கேள்வி: தாத்தாவின் மொரிஸ் மைனர், ஸ்ரீ இலக்கம், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வரித் தொல்லை வேண்டாம், பதிவை இரத்துச் செய்துவிடு என்கிறார் மாமா. (வாசகர், பண்டாரவளை)

பதில்: மாமாவுக்கு ஒரு தேநீர் கொடுத்து உட்காரவையுங்கள். திருத்தும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இரத்துச் செய்யாதீர்கள், செய்தபின் மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய வண்டி விலை எங்கே போனது என்று அவருக்கே தெரியும். தகட்டில் இருக்கிற அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்த நாட்களில், 1958 இல் பொகவந்தலாவையில் துப்பாக்கிச் சூடு நடந்து தோட்டத் தொழிலாளர்கள் செத்தார்கள். இன்று அதே தகடு இருந்தால் கூடக் காசு தருகிறார்கள், என்ன சொல்ல.

உங்களுக்குப் பண்டாரவளை என்றால் ஊவா மாகாணம். தாத்தா எந்த மாகாணத்தில் கடைசியாக லைசன் எடுத்தார் என்று பார்த்து, நிலுவை எவ்வளவு என்று அங்கே கேளுங்கள், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. வேறு எஞ்சின் மாட்டினால் அதையும் பதிவில் மாற்ற வேண்டும். புத்தகம் தொலைந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு போட்டு இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு முன் வீட்டில் நன்றாகத் தேடுங்கள். டிரங்குப் பெட்டியில் இல்லையென்றால் சாமிப் படத்துக்குப் பின்னால் பாருங்கள், எங்கள் தாத்தா அங்கேதான் செருகிவைத்திருந்தார்.