கம்பியை யார் எண்ணுவது?

கேள்வி: கொலை செய்துவிட்டுக் கம்பி எண்ண வேண்டியவன், கம்பி நீட்டிவிட்டு வெளியே போய் மறுபடியும் கொலை செய்கிறானே! பரப்பன அக்ரஹாரா சிறைச் சுவரை இன்னும் பத்தடி உயர்த்தினால் என்ன?
- வாசகர் ஒருவர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: எண்ணவும் கம்பி, நீட்டவும் கம்பி. ஒரே சாமானை வைத்து உள்ளே அனுப்பவும் வெளியே விடவும் தமிழால்தான் முடியும். ஆனால் கம்பி எண்ணுவது கைதியின் வேலை என்று யார் சொன்னது? சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ண வேண்டியவர் வார்டர். எண்ணினால் மட்டும் போதாது, தட்டவும் வேண்டும். முழுக் கம்பி கணீர் என்னும். அறுத்து, வெட்டை மூடி மறைத்த கம்பி டொக்கென்று நிற்கும். கண்ணை ஏமாற்றலாம், காதை முடியாது. பானை வாங்கும் பாட்டி தட்டாமல் காசு கொடுக்க மாட்டாள். வார்டரோ தட்டாமலே பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்.

ஆளை எண்ணுவதும் அப்படித்தான். போர்வையை எண்ணக் கூடாது. தோல் தெரிய வேண்டும், மூச்சு தெரிய வேண்டும். 1977 டிசம்பர் 30 இரவு, அமெரிக்காவின் கொலராடோவில் தொடர் கொலைகாரன் டெட் பண்டி சிறைக் கூரையின் ஓட்டை வழியாகப் போனான். போர்வைக்குள் புத்தகமும் காகிதக் கட்டும் படுத்திருந்தன. மறுநாள் நண்பகல்வரை யாருக்கும் தெரியாது. இரண்டே வாரத்தில், ஜனவரி 15 அன்று, ஃபுளோரிடாவில் இரண்டு மாணவிகள் செத்தார்கள்.

இனி உங்கள் சுவர். 2013 செப்டம்பர் 1 விடிவதற்குள், பெண்களைத் தொடர்ந்து கொன்ற ஜெய்சங்கர் அந்த 30 அடிச் சுவரைத்தான் தாண்டினான். கையில் கள்ளச்சாவி; மேலே மின்கம்பியில் மின்சாரம் இல்லை. சுவர் மட்டும் கடமை தவறவில்லை, காலை உடைத்து அனுப்பியது. ஆறாம் தேதி கூட்லு கேட் அருகே பிடித்தார்கள். நீங்கள் பத்தடி உயர்த்தினால் சாவிக்கு என்ன, மின்வெட்டுக்கு என்ன? சாவிக்கொத்து கைமாறியதாகச் சந்தேகம் வந்தாலே பூட்டை மாற்ற வேண்டும். மின்வேலிக்குத் தனி ஜெனரேட்டர் வேண்டும், அதில் டீசலும் வேண்டும்.

‘சினிமா பாணியில் தப்பினார்’ என்று எழுதும் நிருபர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய தகராறு. எந்தக் கதாநாயகன் ஐயா, சுவரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஆறாம் நாள் அகப்பட்டான்?

ஜெய்சங்கர் ஓடிப்போய்க் கொன்றது அந்தத் தடவை அல்ல, அதற்கு முன்பு. 2011 மார்ச்சில், தருமபுரி நீதிமன்றத்திலிருந்து கோவைச் சிறைக்குத் திரும்பும் வழியில், சேலம் பேருந்து நிலையத்தருகே நழுவினான். காவலுக்கு இரண்டு கான்ஸ்டபிள்கள். அங்கே தாண்டச் சுவரே கிடையாது! அதன் பிறகுதான் பெல்லாரிப் பக்கம் பெண்கள் வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். மே மாதம் பிடிபட்டான். காவலுக்குப் போன இருவரில் ஒருவர் அவமானம் தாங்காமல் தன்னையே சுட்டுக்கொண்டார். கைவிலங்குக்கு 1980-லேயே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது, காரணத்தை எழுதி வைக்கச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய சட்டம், கொலைக் குற்றவாளிக்கும் ஏற்கெனவே தப்பியவனுக்கும் நீதிமன்றம் கொண்டுபோகும்போது விலங்கு போட இடம் தருகிறது. சரிதான். ஆனால் விலங்கு போட்டுப் பொதுப் பேருந்தில் ஏற்றினால்? வழிக்காவலுக்குத் தனி வேனும் போதுமான ஆளும் கேளுங்கள்.

இன்னொரு வேடிக்கை: காவலிலிருந்து தப்பியவனுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு. அசட்டையாகத் தப்பவிட்ட ஊழியருக்கும் அதிகபட்சம் 2 ஆண்டு. ஆயுள் கைதி இதைக் கேட்டுச் சிரிப்பான். வார்டர்தான் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், ‘அக்ரஹாரா’ என்று கன்னட வாக்கிலேயே எழுதியதற்கு நன்றி. ‘அக்கிரகாரம்’ என்று திருத்தச் சொல்லும் தமிழன்பர்களுக்கு ஒரு வார்த்தை: கும்பகோணத்தில் ‘பையன் அக்கிரகாரத்தில் இருக்கிறான்’ என்றால் ஜாதகம் கேட்பார்கள். ஓசூர் ரோட்டில் சொன்னால் வக்கீல் நம்பர் கொடுப்பார்கள்.