டோர்ட்டியாவைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள், பிறந்தநாளுக்கு மெக்சிகன் உணவகத்துக்குத்தான் போக வேண்டும் என்கிறாள். மதுரையில் டாக்கோ விற்கும் கடைகள் வந்துவிட்டன. எனக்கோ அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நல்ல கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, அண்ணா நகர், மதுரை.

பதில்: ஒன்றும் தெரியாது என்பதை நான் ஏற்கவில்லை. சட்னி அன்றைக்கு அரைத்ததா, நேற்றையதா என்பதை நாக்கில் பட்டதுமே சொல்லிவிடும் ஊர் நம்முடையது. அந்த நாக்கே இதற்கும் போதும். எதைச் சோதிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மெக்சிகோவின் மரபுச் சமையலை 2010-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மக்காச்சோளம், பீன்ஸ், மிளகாய் ஆகிய மூன்றையுமே அதன் அடிப்படையாகக் குறிப்பிட்டது. மூன்றில் முதலாவதான மக்காச்சோளத்தில் செய்வதுதான் டோர்ட்டியா என்னும் சோள ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் கழன்று வரும்படி அலசி, நம் அம்மியைப் போன்ற கல்லில் அரைத்து அதைச் செய்து வந்தார்கள். அதில் பூரணம் வைத்து மடித்ததுதான் டாக்கோ. சுண்ணாம்பு படாத சோள மாவு பிசைந்தால் உதிரும். சோளத்திலுள்ள நியாசின் சத்தும் உடம்பில் சரியாகச் சேராது. பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் விளைந்தும் இந்தப் பக்குவம் நம் அடுக்களைக்கு வராமலே போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆகவே, தொப்பியும் கள்ளிச்செடியும் வரைந்த சுவரை விட்டுவிட்டு, டோர்ட்டியாவை எந்த மாவில், எங்கே போடுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். சுண்ணாம்பில் பதப்படுத்திய மாவைப் பொட்டலமாக வாங்கிப் பிசைந்தாலும் குறையில்லை. கோதுமை டோர்ட்டியாவும் வட மெக்சிகோவில் உள்ளதுதான். ஆனால், கல்லிலிருந்து எடுத்த சூடு ஆறாமல் அது மேசைக்கு வர வேண்டும். இரண்டாக மடித்தால் விரிசல் விடாமல் மடங்க வேண்டும். சோள ரொட்டியானால் மூக்கருகே கொண்டுபோகும்போது வெந்த சோளத்தோடு ஈரச் சுண்ணாம்பின் மணமும் லேசாக எழ வேண்டும். சென்ற ஆண்டு நம் ஊர்க் கடை ஒன்றில் எனக்கு வைத்த டாக்கோ, பொட்டலத்திலிருந்து எடுத்த கெட்டி ஓடு; கடித்ததும் நொறுங்கி, உள்ளே இருந்த பூரணம் முழுவதும் மடியில் கொட்டியது. அதன்மேல் ஊற்றியிருந்தது இனிப்பான தக்காளி சாஸ்.

சால்சா என்பது அவர்களுடைய சட்னி; அதை அப்படிப் புட்டியிலிருந்து ஊற்றும் கடை வேண்டாம். தக்காளி, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி சேர்த்து அன்றன்று அரைத்ததாக இருக்க வேண்டும். நமக்கு மிளகாய் வந்ததே அந்தக் கண்டத்திலிருந்து, போர்ச்சுகீசியர் வழியாகத்தான்; காரம் அதிகமாக இருந்தால் மதுரைக்காரர் யாரும் பயப்பட வேண்டியதில்லை. நாச்சோ என்னும் டோர்ட்டியா வறுவலை வைத்துக் கடையை எடை போடாதீர்கள்; பாலாடைக்கட்டியை அள்ளிப் போட்டால் எந்தக் கடையிலும் அது ருசிக்கும். ஒரே மெனு அட்டையில் நூடுல்ஸும் பாஸ்தாவும் பீட்சாவும் இருந்தால், டோர்ட்டியாவுக்கென்று அங்கே தனிக் கை இருக்காது.

பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பே நீங்கள் மட்டும் போய், ஒரு தட்டு டாக்கோ வாங்கி மடித்துப் பாருங்கள். விரிசல் விட்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்ட இன்னும் ஒரு நாள் கையில் இருக்கும்.